மூண்டு கட்டை

மார்கழியில் ஆலைக்கு நெல் வராது.
அதனால்தான் பஞ்சலிங்கம் திறப்பைத் தந்தான்,
கரண்ட் காசு எங்கட தலையில் என்று சொல்லி.
தவிட்டு மூட்டைகளைச் சுவரோரம் ஆளுயரத்துக்கு அடுக்கினோம்.
நடுவில் ட்ரம்ஸ்.
மூலையில் நான், பேஸ் கிற்றாரோடு,
தும்மலை அடக்கிக்கொண்டு.

'நாலாம் வாய்க்கால்' என்று குழுவுக்குப் பேர் வைத்தபோது
இருபத்திரண்டு வயது.
நாலு பேருக்கும் ஒரு சைக்கிள்.
இப்ப அறுபத்திநாலு.
நாலு பேருக்கும் பிறஷர் குளிசை,
ரொறொன்ரோவில் இருக்கிற றெஜினோல்டுக்கும்.

முதல் கசற் எண்பத்திநாலில் வந்தது.
இரண்டாவது வரவில்லை.
அதன் மூலப்பிரதியைப் பரலுக்குள் போட்டு
தருமபுரத்தில் தாட்டுவிட்டு நடந்தோம்.
திரும்பி வந்தபோது
அடையாளம் வைத்த பனையும் அடுத்த பனையும்
ஒரே மாதிரித் தலையில்லாமல் நின்றன.
ஐந்து இடத்தில் கிண்டினோம்.
ஆறாவது குழியில் ஒரு பரல்.
உள்ளே தையல் மிசினும் ஒரு கலியாண அல்பமும்.
யாரோ ஒரு பொம்பிளை, யாரோ ஒரு மாப்பிள்ளை,
பக்கங்கள் ஒட்டிப்போய்.
சொந்தக்காரர் வருவினம் என்று திரும்பவும் மூடினோம்.

அதற்குப் பிறகு கிண்டவில்லை.
புதுசாய்ச் செய்வம் என்று குலவீரன் சொல்ல
பதின்மூன்று வருசம் பிடித்தது.

ஒலிப்பதிவுக்கு வவுனியாவில் இருந்து கபிஷா வந்தாள்,
லப்டொப்போடும் பூனைக்குட்டி மாதிரி ஒரு மைக்கோடும்.
தியோகுவைப் பாடவிட்டுக் கேட்டாள். பிறகு மெதுவாய்,
'இரண்டு கட்டை இறக்குவமா?'
அவன் எழும்பிப் போய் மழைக்குள் நின்றான்.
நாங்கள் ஒருவரும் கூப்பிடவில்லை.
தலையைத் துவட்டாமல் வந்து மைக்குக்கு முன்னால் நின்று
'மூண்டு இறக்கு' என்றான்.

குலவீரனுக்குக் காதுக்குள் டிக் டிக் வைக்க விட்டானா?
'ஒரு காதிலை ஏற்கெனவே விசில்.
மற்றதிலை மணிக்கூடும் வேணுமா?'
'பாட்டு முடியேக்கை நிமிசத்துக்கு ஏழு அடி குறையுது, அங்கிள்.'
'பாட்டுக்கும் களைக்கும், பிள்ளை.'

நாலு இரவு தொடர்ந்து பெய்தது.
ஐந்தாவது பாட்டுத்தான் மெல்லிய பாட்டு.
காத்திருந்து காத்திருந்து, கடைசியில்
கூரைத் தகரத்தையும் சேர்த்தே பதிந்தோம்.
அதைக் கேட்டபின் றெஜினோல்ட் பத்து நாள் பேச்சில்லை.
பிறகு தன்ர கிற்றாரை அனுப்பினான்.
முடிவில் கதவு சாத்துது,
'சாப்பாடு ஆறுது' என்கிறாள் எமில்டா.
வெட்டச் சொல்லி மூன்று தரம் எழுதினான்.
வெட்டவில்லை.

சித்திரையில் வெளியீடு. கூட்டுறவு மண்டபம்.
இருநூறு கதிரை, எழுபத்தொரு பேர்,
அதில் இரண்டு பேர் என்னட்டைச் சீட்டுக்காசு கேட்க வந்தவை.
முந்நூறு சீடி அடித்திருந்தோம்.
கையில் பிடிக்க ஒன்று வேணும் என்பது றெஜினோல்டின் பிடிவாதம்.
வாங்கினவர்கள் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.
'இதை எதிலை போடுறது?'
ஏழு பாட்டும் வாசித்து முடிய முன்வரிசைக்காரர் எழும்பினார்,
'"மணல் லொறி"யைப் போடுங்கோ!'
போட்டோம். மூன்று கட்டை இறக்கி.
'இது அதில்லை' என்றுவிட்டு இருந்தார்.

மிச்சம் இருநூற்றுப் பத்து.

ஆடியில் சிறுபோகம் கதிர் தள்ள
பஞ்சலிங்கம் வந்து ஒரு பெட்டி கேட்டான்.
இப்ப அவன்ர வயலில் கம்புக்குக் கம்பு நூலில் தொங்குது அல்பம்,
ஒரு பக்கம் ஆலையின் படம்,
மறுபக்கம் வெயில்.
ரோட்டில் போற பஸ்சுக்கே கண் கூசுது.
கிளிகளுக்கு முதல் நாள் பயம்.
இரண்டாம் நாள் ஒன்று சீடி கட்டின கம்பிலேயே இருந்து
கதிரை உரித்தது.

வரம்பில் நின்று பார்த்தோம், மூன்று பேரும்.
தியோகு ஒன்றும் சொல்லவில்லை. செருப்பில் சேறு.
காற்றுக்கு அவை சுழன்று, நின்று, மற்றப் பக்கமாய்ச் சுழல
குலவீரன் சைக்கிள் சீற்றில் விரலால் தட்டிக்கொண்டு நின்றான்.

'மேற்குப் பக்கத்துக்குக் காணாது' என்றான் பஞ்சலிங்கம்.
'இன்னும் முப்பது தாங்கோவன்.
கரண்ட் காசிலை கழிக்கிறன்.'